கிமைரா என்றால் ஆடு: ஒரு கிரேக்கப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி

சிங்கத் தலை, முதுகிலிருந்து முளைத்த ஆட்டுத் தலை, பாம்பாக முடியும் வால், வாயைத் திறந்தால் நெருப்பு. கைமேரா என்ற இந்தக் கிரேக்க விலங்கை ஏதாவது வீடியோ கேமிலோ படக்கதையிலோ பார்த்திருப்பீர்கள். பெயருக்கு என்ன பொருள் என்று தேடினால் "கலப்பு உயிரி", "நடக்காத கற்பனை" என்றுதான் பல இடங்களில் போட்டிருக்கும். அதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஆடு என்று பொருள், அதிலும் ஒரு குறிப்பிட்ட பருவத்தில் இருக்கும் பெட்டை வெள்ளாடு.

நான் சொல்கிறேன் என்பதற்காக நீங்கள் இதை நம்ப வேண்டியதில்லை. கிரேக்கம் தெரியாத ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் தானே சரிபார்த்துவிடலாம், அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன். இந்த ஒரு பெயரை ஒழுங்காகப் பின்தொடர்ந்துவிட்டால் மற்ற கிரேக்க விலங்குகளின் பெயர்களையும் இதே வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எழுத்து. கைமேரா, கைமீரா, சிமேரா என்று தமிழில் பலவிதமாக எழுதுகிறார்கள், எல்லாமே ஆங்கிலத்தின் வழியாகவோ பிரெஞ்சின் வழியாகவோ வந்த உச்சரிப்பு. அதை வைத்துக்கொண்டு வேர் தேடினால் நிச்சயம் வழி தவறும். அதோடு தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிரேக்கத்தில் 'க' இனத்துக்கு மூன்று எழுத்து: கப்பா (கண் என்பதில் வரும் க), காமா (தங்கம் என்பதில் வரும் க), கீ (மூச்சைத் தள்ளிச் சொல்லும் க, இந்தியில் சாப்பாட்டுக்கு 'கானா' என்பார்களே அதன் முதல் ஒலி). 'த' இனத்துக்கும் இதே போல டௌ, டெல்டா, தீட்டா என்று மூன்று. நாம் எல்லாவற்றையும் ஒரே க, ஒரே த என்று எழுதிவிடுகிறோம். வேர் தேடும்போது இந்த மூன்றில் எது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், அதனால் முதல் வேலை அந்தப் பெயரின் கிரேக்க எழுத்துக் கூட்டலைக் கையில் எடுப்பது.

பயப்பட ஒன்றும் இல்லை, மொத்தமே 24 எழுத்து. பாதிக்கு மேல் ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும், ஏமாற்றுகிற எழுத்துகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்: ஆங்கில 'எக்ஸ்' போலத் தெரிவது கீ, 'பி' போலத் தெரிவது ரோ (அதாவது ர), சின்ன 'வி' போலத் தெரிவது நியூ (அதாவது ந). விக்கிப்பீடியாவில் அந்த விலங்கின் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே அடைப்புக்குறிக்குள் கிரேக்க வடிவம் இருக்கும், அதை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நம் விலங்குக்கு ஏழு எழுத்து: கீ, அயோட்டா, மியூ, ஆல்ஃபா, அயோட்டா, ரோ, ஆல்ஃபா. கூட்டிப் படித்தால் கிமைரா. இன்றைய கிரேக்கர்கள் இதை ஏறக்குறைய 'ஹீமெரா' என்பார்கள், அது பிற்கால உச்சரிப்பு. அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், எழுத்துகள் மாறவில்லை.

அடுத்து அகராதி. லிடல், ஸ்காட் இருவரும் தொகுத்து 1843-இல் முதலில் வந்த கிரேக்க–ஆங்கில அகராதி, பிறகு ஜோன்ஸ் என்பவர் திருத்தி விரிவாக்கிய வடிவில் இன்றும் முதல் துணை. காசு கொடுத்து வாங்க வேண்டாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்திலும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகியான் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. நகல் எடுத்த சொல்லை ஒட்டித் தேடினால் வரும் முதல் பொருளைப் பாருங்கள்: பெட்டை வெள்ளாடு. அதன் பிறகுதான் பெரிய எழுத்தில் தொடங்கும் கிமைரா, நெருப்புக் கக்கும் விலங்கு என்ற பெயராக வரும். பக்கத்திலேயே கிமரோஸ் என்ற சொல்லும் இருக்கும், அது இளம் ஆடு. இந்த மாதிரி அண்டைச் சொற்களை விடவே கூடாது. ஒரு சொல்லின் குடும்பம் அகராதியில் பெரும்பாலும் அதே தெருவில்தான் குடியிருக்கும், மேலே பத்துச் சொல் கீழே பத்துச் சொல் படித்துவிடுவது என் வழக்கம்.

அகராதிப் பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சொல் எங்கே முதன்முதலாக வருகிறது என்று பாருங்கள், அகராதியிலேயே ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எந்த நூல், எத்தனையாவது வரி என்று சுருக்கக் குறிகளில் கொடுத்திருப்பார்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். கிமைராவுக்கு அந்த இடம் ஹோமரின் இலியட், 6-ஆம் காண்டம், 179-ஆவது வரி முதல் 182 வரை. லைக்கியா (இன்றைய துருக்கியின் தென்மேற்குப் பகுதி) நாட்டு வீரன் கிளவ்கோஸ் போர்க்களத்தில் தன் குலக்கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். தன் பாட்டன் பெல்லரோஃபோன் கொன்ற விலங்கைப் பற்றி வரும்போது 179-இல் கிமைரா என்று பெயரைச் சொல்கிறான், இரண்டு வரி தள்ளி 181-இல் அதன் உடலை விவரிக்கிறான்: முன்னால் சிங்கம், பின்னால் பாம்பு, நடுவில் கிமைரா.

நடுவில் கிமைரா! விலங்கின் பெயரும் அதுவே, அதன் நடு உடம்பாக இருக்கிற ஆட்டின் பெயரும் அதுவே. ஆட்டைக் குறிக்க வேறு சொல் அவர்களிடம் இல்லாமல் இல்லை, ஐக்ஸ் என்பதுதான் வழக்கமான சொல். இருந்தும் ஹோமர் பெயரையே திரும்ப எடுத்து விளக்கத்துக்குள் வைக்கிறார். மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, 179-இல் கைமேரா என்றும் 181-இல் ஆடு என்றும் இரண்டு வேறு சொற்களாகப் பிரித்துவிடுவார்கள். மூல வரியைப் போய்ப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். கிரேக்கம் தெரியாவிட்டாலும் ஏழு எழுத்துள்ள ஒரு சொல் இரண்டு இடத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட முடியும் (179-இல் வேற்றுமைக்காகக் கடைசியில் ஒரு நியூ மட்டும் கூடுதலாக ஒட்டியிருக்கும்).

சரி, எந்த மாதிரி ஆடு? இதற்கு வீரகாவியத்தை விட்டுவிட்டு ஆடு மேய்க்கிறவர்களிடம் போக வேண்டும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தியோக்ரிட்டஸ் தன் முதல் பாடலிலேயே ஆட்டு இடையனையும் செம்மறி இடையனையும் பேச வைக்கிறார், பாட்டுக்குப் பரிசு பற்றிய பேச்சு அது. பெரிய ஆட்டுக்கு ஐக்ஸ், இளசுக்கு கிமரோஸ் என்று பிரித்துச் சொல்லிவிட்டு, கிமரோஸின் கறி பால் கறக்கத் தொடங்கும் வரைக்கும் நன்றாக இருக்கும் என்று ஒரு வரி வரும். பார்த்தீர்களா, இன்னும் ஈனாத, இன்னும் மடி கறக்காத இளம் ஆடு. மாட்டில் நாம் கிடாரி என்கிறோமே, அந்தக் கணக்கு. ஒரு சொல்லின் உண்மையான பொருள் அதை அன்றாடம் புழங்குகிறவர்களின் வாயில்தான் கூர்மையாக இருக்கும், அதனால் அகராதி கொடுக்கிற மேற்கோள்களில் விவசாயம், மேய்ச்சல், சமையல், கடல் தொழில் சார்ந்தவற்றை முதலில் தேடிப் படியுங்கள்.

இப்போது சொல்லைப் பிரிக்கலாம். கிமரோஸ், கிமைரா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடிச்சொல் கிமர் என்று தெரிகிறது. பின்னே 'ஐ' எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் ஒரு பழைய பெண்பால் விகுதிக்கு 'யா' என்ற வடிவம் இருந்தது. அடிச்சொல் 'ர'விலோ 'ன'விலோ முடிந்தால் அந்த 'ய' ஒலி மெய்யைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கருப்பு என்பதற்கு ஆண்பால் மெலாஸ், அடிச்சொல் மெலன், பெண்பால் மெலைனா. அதே கணக்கில் கிமர் கூட்டல் யா, கிமைரா. ஒரு விதியைச் சொன்னால் அது வேறு சொல்லிலும் வேலை செய்கிறதா என்று உடனே பார்த்துவிடுங்கள், ஒரே சொல்லுக்கு மட்டும் பொருந்துகிற விதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கிமர் என்பதற்குள் இன்னும் ஒரு படி இறங்கலாம். அகராதியில் அதே தெருவில் கெய்மா என்றும் கெய்மோன் என்றும் இருக்கும், இரண்டும் குளிர்காலம், குளிர்காலப் புயல். கியோன் என்றால் பனி. எல்லாவற்றிலும் முதல் எழுத்து அந்த மூச்சுள்ள கீ. ஆக, கிமரோஸ் என்பது ஒரு குளிர்காலத்தைக் கடந்த குட்டி. வயதை ஆண்டு என்று எண்ணாமல் குளிர்காலம் என்று எண்ணியிருக்கிறார்கள், ஆட்டுக்காரனுக்கு அதுதானே முக்கியம், பிறந்த குட்டி முதல் குளிரைத் தாங்கியதா இல்லையா என்பது.

இது வெறும் ஊகமா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். வேறு மொழிகளிலும் இதே பழக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதற்குப் பதில். லத்தீனில் இரண்டு வயதுள்ள கால்நடைக்கு பீமுஸ் என்பார்கள், அது 'இரண்டு' என்ற முன்னொட்டும் குளிர்காலம் என்ற சொல்லின் அடியும் சேர்ந்தது, லத்தீனில் குளிர்காலம் ஹியம்ஸ். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆடு வளர்ப்பவர்கள் இன்னும் ஈனாத இளம் பெண் செம்மறியை கிம்மர் (காமா ஒலியில்) என்கிறார்கள், ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அதையும் இதே வேரோடுதான் சேர்க்கிறார்கள். ரஷ்ய மொழியில் குளிர்காலம் ஸிமா. அப்புறம் நமக்குப் பக்கத்தில் வடமொழியில் ஹிம. ஹிமாலயம், ஹிமாசலம், ஹகரம் உதிர்ந்து தமிழில் இமயம். ஹேமந்தம் என்ற பருவத்தின் பெயரும் இதே குடும்பம். லைக்கியாவில் நெருப்புக் கக்கிய விலங்கின் பெயருக்குள் இமயமலையின் பனி இருக்கிறது, முதன்முறை இதைப் பார்த்தபோது அன்று இரவு வேறு எதுவும் படிக்கவில்லை.

ஆனால் இந்த மகிழ்ச்சியில்தான் தப்பும் நடக்கும், இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். 'கி' என்பதும் 'ஹி' என்பதும் காதுக்கு ஒத்துப் போவதால் இந்த உறவை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கிரேக்க கீ எங்கே வருகிறதோ அங்கே வடமொழியில் ஹகரம் வருவது மற்ற சொற்களிலும் ஒழுங்காக நடக்கிறது என்பதால்தான் ஏற்றுக்கொண்டார்கள். கிரேக்கத்தில் வாத்துக்கு கேன் (மூச்சுள்ள கீ), வடமொழியில் ஹம்ஸம். லத்தீனில் அதே இடத்தில் இருந்த ஹகரம் சில சமயம் உதிர்ந்து போயிருக்கிறது, அதனால் வாத்து அங்கே அன்ஸர். ஒலி ஒப்புமை என்றால் ஒரே மாதிரி கேட்பது இல்லை, ஒழுங்காக மாறுவது. தமிழில் இதை எழுதும்போது எனக்கே எழுத்து போதவில்லை, அதனால்தான் முதலிலேயே கிரேக்க எழுத்தைக் கையில் எடுக்கச் சொன்னேன்.

இதற்கு எதிர்மாறான ஒரு கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். குதிரை உடலும் மனித உடலும் சேர்ந்த சென்டார் இருக்கிறதே, கிரேக்கத்தில் கென்டௌரோஸ், அதையும் நம் கந்தர்வனையும் ஒரே சொல் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் அடால்பர்ட் கூன் சொன்னார். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. நானும் வெகுநாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன், நண்பர்களிடம் சொல்லவும் செய்தேன். பிற்பாடு எழுத்தெழுத்தாக வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை. கந்தர்வனில் உள்ள 'த' வடமொழியில் மூச்சுள்ள த, அதற்கு இணையாகக் கிரேக்கத்தில் தீட்டா வர வேண்டும். புகைக்கு வடமொழியில் தூமம், கிரேக்கத்தில் உள்ளத்தின் எழுச்சிக்கு தூமோஸ் என்பார்கள், அங்கே ஒழுங்காகத் தீட்டாதான் இருக்கிறது. கென்டௌரோஸில் இருப்பதோ சாதாரண டௌ. பின்பாதியில் அர்வ என்பதும் அவ்ரோ என்பதும் கூட ஒத்துவரவில்லை. ஆக, அந்த உறவைப் பெரும்பாலானோர் கைவிட்டுவிட்டார்கள், கென்டௌரோஸின் வேர் என்ன என்பது இன்னும் தீராத கேள்வி.

இதே மாதிரி இன்னொன்று, கடவுளுக்குக் கிரேக்கத்தில் தியோஸ், தமிழில் தெய்வம், இரண்டும் ஒன்று என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இல்லை. தியோஸ் தீட்டாவில் தொடங்குகிறது. வடமொழி தேவ, அதிலிருந்து வந்த தெய்வம், இவற்றுக்கு உறவு லத்தீன் தேயுஸ், கிரேக்கத்தில் தேட வேண்டுமானால் டெல்டாவில் தேட வேண்டும். கிரேக்கத் தலைமைக் கடவுளான ஸேயுஸ் என்ற பெயரின் ஆறாம் வேற்றுமை தியோஸ் போலவே தமிழில் எழுதப்படும், ஆனால் அது டெல்டா, அதுதான் தெய்வத்தின் சொந்தக்காரர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிவதைப் பாருங்கள்.

இன்னொரு வகைத் தவறும் உண்டு, கதைக்குக் கொடுக்கும் விளக்கத்தைச் சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கமாக எடுத்துக்கொள்வது. துருக்கியின் தென்மேற்கில் அந்தால்யா பக்கம் சிராலி என்ற கடற்கரைக் கிராமத்துக்கு மேலே ஒரு மலைச்சரிவு இருக்கிறது, யானார்தாஷ் என்று பெயர், எரியும் கல் என்று அர்த்தம். பாறை இடுக்குகளிலிருந்து மீத்தேன் கலந்த வாயு கசிந்து பழங்காலம் தொட்டு எரிந்துகொண்டிருக்கிறது. இது பழைய லைக்கியா பகுதி. ரோமானிய எழுத்தாளர் பிளினி ஃபாசெலிஸ் ஊருக்கு அருகே கிமைரா மலை இரவு பகல் அணையாமல் எரிகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். பலர் அந்தச் சரிவைத்தான் அவர் சொன்ன மலை என்கிறார்கள். பிறகு செர்வியஸ் என்ற உரையாசிரியர் ஒரு படி மேலே போய், மலை உச்சியில் நெருப்பு, அதனருகே சிங்கங்கள், நடுவில் ஆடு மேயும் புல்வெளி, அடியில் பாம்புகள், இதுதான் கிமைரா என்று முடித்துவிட்டார். நெருப்பு எப்படிக் கதைக்குள் வந்திருக்கலாம் என்பதற்கு அந்த மலை நல்ல விளக்கமாகவே எனக்குத் தோன்றுகிறது. கிமைரா என்ற சொல் எப்படி உருவானது என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. குறிப்பெடுக்கும்போது இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு வாய்ப்பை மட்டும் திறந்தே வையுங்கள். விலங்கு லைக்கியாவைச் சேர்ந்தது, அங்கே பேசியது கிரேக்கம் இல்லை, அதனால் அந்த ஊர்ப் பெயர் ஒன்றைக் கேட்ட கிரேக்கர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆட்டின் பெயராக அதை மாற்றிக்கொண்டிருக்கவும் கூடும். அப்படியே இருந்தாலும் ஹோமரின் காதில் அது ஆடாகத்தான் விழுந்திருக்கிறது, 181-ஆவது வரி அதற்குச் சாட்சி.

பழைய நூலில் இருக்கிறது என்பதற்காகவே அதில் உள்ள பெயர் விளக்கத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் தன் தெய்வ வம்சக் காவியமான தியோகோனியில் பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை உலகைச் சுற்றி ஓடுவதாகக் கிரேக்கர்கள் நினைத்த ஓக்கியானோஸ் ஆற்றின் ஊற்றுகளுக்கு அருகே பிறந்ததால் அந்தப் பெயர் என்கிறார், ஊற்று கிரேக்கத்தில் பேகே. பழமையான விளக்கம்தான், ஆனால் கவிஞர் ஒலியை வைத்துச் சொன்னது. ஆசியா மைனரில் பேசப்பட்ட லூவிய மொழியில் மின்னலோடு தொடர்புள்ள பிஹஸ்ஸஸ்ஸி என்ற பட்டம் இடிக்கடவுளுக்கு இருந்தது, ஹெசியட்டின் பெகாசஸ் ஸேயுஸுக்கு இடியையும் மின்னலையும் சுமந்து செல்கிறது, அதனால் அங்கிருந்து வந்த பெயராக இருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பெண் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்ஸ் கதையும் இதேதான். இறுக்குதல் என்ற பொருளுள்ள ஸ்ஃபிங்கோ என்ற வினையிலிருந்து வந்தது, கழுத்தை நெரித்துக் கொல்பவள் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். ஹெசியட்டின் 326-ஆவது வரியைத் திறந்தால் அங்கே அவள் பெயர் ஃபீக்ஸ், ஸகரமும் இல்லை, நடுவில் மெல்லினமும் இல்லை. கிரேக்கத்தின் போயோட்டியா பகுதியில் ஃபீக்கியோன் என்று அவள் பெயரில் மலையே உண்டு. பிற்காலத்தில் மக்கள் தெரிந்த வினையோடு சேர்த்து வடிவத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. பழைய வரியைத் திறந்து பார்க்காதவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது.

இந்த அளவுக்கு வந்த பிறகு வேர்ச்சொல் அகராதிகளைத் திறக்கலாம். முதலிலேயே திறந்தால் அவர்கள் சொல்வதை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடும். மூன்று பெயர்கள் போதும்: ஜெர்மன் மொழியில் ஃபிரிஸ்க், பிரெஞ்சில் ஷான்த்ரேன், ஆங்கிலத்தில் 2010-இல் வெளிவந்த பேக்கஸ். பேக்கஸ் புதியது, ஆங்கிலத்தில் இருப்பதால் நமக்கு வசதி, ஆனால் அவர் நிறையச் சொற்களைக் கிரேக்கத்துக்கு முன் அங்கே பேசப்பட்ட ஏதோ ஒரு மொழியிலிருந்து வந்தவை என்று ஒதுக்கிவிடுவார், அதனால் அவரை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம், ஷான்த்ரேன் என்ன சொல்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், பிரெஞ்சு தெரியாவிட்டால் அந்தப் பத்தியை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் புரிந்துவிடும். விக்ஷனரி ஒரு நல்ல தொடக்கம், அது எந்த அகராதியைச் சொல்கிறதோ அங்கே போவதற்கான வழிகாட்டிப் பலகையாக அதைப் பயன்படுத்துங்கள்.

இப்போது நீங்களே செய்து பார்க்க, அதே 181-ஆவது வரியில் மிச்சம் இருக்கிற இரண்டு விலங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கிற பாம்புக்கு ஹோமர் போட்டிருக்கும் சொல் த்ராக்கோன், டெல்டாவில் தொடங்குவது, டிராகன் என்று உலகம் முழுக்கப் போன சொல் இதுதான். அகராதியில் அண்டை வீட்டில் தேடினால் கிடைக்காது, வினையில் தேட வேண்டும்: தெர்க்கொமை, உற்றுப் பார்த்தல். அதன் இறந்தகால வடிவம் எத்ராக்கோன். இமைக்காமல் முறைக்கிறது என்பதால் பாம்புக்கு அந்தப் பெயர். இங்கே க வருகிற இடத்தில் வடமொழியில் ச வரும், பத்துக்கு தெக்கா, தச, நூறுக்கு ஹெக்கடோன், சதம் என்று வரிசையாக ஒத்துப் போகும். அந்த விதியை வைத்து தெர்க் என்பதை மாற்றிப் பாருங்கள், தர்ச என்று வரும். தரிசனம்! பாம்பும் தரிசனமும் ஒரே வேர் என்று யாராவது வெறுமனே சொல்லியிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், தசமும் சதமும் பக்கத்தில் நிற்கும்போது மறுக்க முடியவில்லை.

முன்னால் இருக்கிற சிங்கம் லெயோன். இங்கே பாதை சீக்கிரம் முடிந்துவிடும். களிமண் பலகைகளில் லீனியர் பி எழுத்தில் கிடைத்த, ஹோமருக்கும் முந்திய கிரேக்கத்தில் இந்தச் சொல் ரெவோ என்பது போல எழுதப்பட்டிருக்கிறது (அந்த எழுத்து முறையில் ர, ல இரண்டுக்கும் ஒரே குறி), அதாவது நடுவில் ஒரு வகரம் இருந்து பிறகு உதிர்ந்திருக்கிறது. அதற்கு மேல் போனால் உறவுச் சொல் என்று உறுதியாக ஒன்றும் இல்லை, வேறு மொழியிலிருந்து கடன் வாங்கியது என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள், லத்தீனின் லேயோ கிரேக்கத்திடமிருந்து எடுத்தது. இப்படி ஒரு இடத்தில் பாதை நின்றால் அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள், வலிந்து ஒரு வேரைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

வேர் கிடைத்த பிறகு முன்னோக்கியும் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது, பின்னால் வந்த பொருள்கள் எப்போது ஒட்டின என்று தெரியும். உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் ஒரு விநோத ஆழ்கடல் மீன் இனத்துக்கு கிமைராவின் பெயரை வைத்தார். 1907-இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர் தக்காளியையும் மணத்தக்காளி வகைச் செடியையும் ஒட்டுப்போட்டு, இரண்டின் திசுவும் ஒரே தண்டில் வளர்ந்த செடியை கிமைரா என்று அழைத்தார், மரபியலில் இன்று புழங்கும் பொருள் அங்கிருந்து வந்தது. ரிட்டுக்ஸிமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்துப் பெயர்களின் நடுவே வரும் 'க்ஸி' கூட அதன் சுருக்கம்தான், எலியின் பகுதியும் மனிதப் பகுதியும் கலந்த நோயெதிர்ப்புப் புரதம் என்று அர்த்தம். கலப்பு என்ற பொருள் எல்லாம் இப்படி உருவத்தைப் பார்த்து வந்தது, சொல்லுக்குள்ளே கலப்பு என்று எதுவும் கிடையாது.

உருவத்தையும் பார்க்க விரும்பினால் இத்தாலியின் அரெட்ஸோ ஊரில் 1553-இல் மண்ணுக்கடியில் கிடைத்த எட்ரஸ்கன் வெண்கலச் சிலையின் படத்தைத் தேடுங்கள், இப்போது ஃபுளோரன்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகின் நடுவில் கழுத்து வளைந்து நிற்கிற அந்த ஆட்டுத் தலையைப் பார்த்தால் ஹோமரின் "நடுவில் கிமைரா" அப்படியே கண்முன் வரும். பாம்பு வால் பிற்காலத்தில் சேர்த்த பழுதுபார்ப்பு, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்த பெயராக, பல தலைகள் கொண்ட நீர்ப்பாம்பான ஹைட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் முயற்சிக்கு அது சரியான அளவு. கிரேக்கத்தில் ஹுத்ரா, முதல் எழுத்துக்கு மேலே ஒரு சின்ன வளைவு இருக்கும், அதுதான் ஹகர ஒலி, அதை விட்டுவிடாதீர்கள். ஹெசியட்டின் தியோகோனியில் 313-ஆவது வரியில் வருகிறது, ஆனால் அங்கே காவிய வழக்கில் ஹுத்ரே என்று ஏகாரத்தில் முடியும் வடிவம் இருக்கும், அகராதியில் ஆகாரத்தில் முடியும் வடிவத்தைத் தேட வேண்டும். பக்கத்து வீடுகளில் தண்ணீருக்கான ஹுதோர் இருக்கிறது. வடமொழியில் உதகம் என்ற சொல்லையும், நீர்நாய்க்கு உள்ள உத்ர என்ற சொல்லையும், ஆங்கிலத்தில் நீர்நாய்க்கு உள்ள ஓட்டர் என்ற சொல்லையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.